இந்த ஊரிலிருந்து இத்தனை பேர்

1

பழைய சென்னை மாகாணத்தின் சில ஊர்களில் பள்ளிக்கூடச் சுவரிலோ, சாவடியிலோ, மணிக்கூண்டின் அடியிலோ ஒரு சின்னக் கல் பதித்திருக்கும். பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள். சுண்ணாம்பு அடிப்பவர்கள் வருஷா வருஷம் அதன் மேலேயும் ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போவதால் பாதி எழுத்து அடைந்துபோயிருக்கும். ஊரில் விசாரித்தால், "அது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கல்லுங்க" என்பார்கள். திருச்சி காந்தி மார்க்கெட் முன்னால் நிற்கும் நினைவுச்சின்னத்தில் இருப்பதும் இதே வகை வாசகம்தான். பஞ்சாப் கிராமங்களிலும் இதே அச்சில் வார்த்த கற்கள் உண்டு.

அந்த வாசகத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: இந்த ஊரிலிருந்து இத்தனை ஆண்கள் 1914–1919 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் தங்கள் உயிரை ஈந்தார்கள்.

அவ்வளவுதான். இரண்டே வாக்கியம். மாறுவது ஊரின் பெயரும் இரண்டு எண்களும் மட்டும். என் பிழைப்பு மென்பொருள். எனக்கு இதைப் பார்த்ததும் தோன்றுவது ஒரு டெம்ப்ளேட். நிலையான வாசகம் ஒன்று, நிரப்பவேண்டிய கோடிட்ட இடங்கள் மூன்று. பிறந்தநாள் வாழ்த்து மின்னஞ்சலையும், 'உங்கள் கணக்கில் இவ்வளவு தொகை வரவு வைக்கப்பட்டது' குறுஞ்செய்தியையும் நாங்கள் இப்படித்தான் எழுதுகிறோம். ஒரு முறை எழுதினால் போதும், ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். ஒரு பேரரசு ஆயிரம் ஊர்களுக்குக் கல் அனுப்ப வேண்டுமென்றால் வேறு எப்படிச் செய்வது என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

ஆனால் நினைவுக் கல் என்பது ஒரு பிரதி. யாரோ எழுதியது, யாரோ படிப்பதற்காக எழுதியது. கவிதையையும் நாவலையும் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கிற நாம், நூறு வருஷமாகத் தெருவில் நிற்கும் இந்த இரண்டு வாக்கியங்களையும் அப்படிப் படித்தால் என்ன கிடைக்கும்?

2

வினைச்சொற்களிலிருந்து தொடங்கலாம். 'சென்றார்கள்'. யார் அனுப்பினார்கள்? கல் சொல்லாது. 1914இல் ஒரு தமிழ்க் கிராமத்து ஆள் பட்டாளத்தில் சேர்வதற்குப் பசி, கடன், பஞ்சம், சாதி ஒடுக்குமுறையிலிருந்து விடுபட ஒரு வழி, அப்பனும் தாத்தனும் பட்டாளத்துக்காரர்கள் என்ற பெருமை என்று எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கலாம். போர் நீள நீள ஆள் சேர்ப்பு நெருக்குதலாக மாறியது. பஞ்சாபில் ஊர்வாரியாகக் கணக்கு வைத்து ஆள் கேட்டார்கள். இத்தனையையும் 'சென்றார்கள்' என்ற ஒரு வினை விழுங்கிவிடுகிறது. தீர்த்த யாத்திரை சென்றார்கள், சந்தைக்குச் சென்றார்கள், போருக்குச் சென்றார்கள்.

அடுத்தது 'உயிரை ஈந்தார்கள்'. செத்தார்கள் என்று இல்லை, கொல்லப்பட்டார்கள் என்றும் இல்லை. ஈகை என்றால் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், நடுவில் கொடுப்பவரின் மனசு என்று மூன்றும் வேண்டும். காலராவில் போனவரும், கப்பலில் காய்ச்சல் கண்டு போனவரும், மெசபடோமியாவின் வெயிலில் சுருண்டு விழுந்தவரும் எதை, யாருக்கு ஈந்தார்கள்? அந்தப் போரில் இந்தியச் சிப்பாய்களை நோய் வாரிக்கொண்டு போன கதை சாதாரணமானதல்ல. கல் எல்லா மரணத்தையும் ஒரே தானக் கணக்கில் வரவு வைக்கிறது.

மூன்றாவது விஷயம் எண்கள். முதல் எண் செத்தவர்களின் எண் இல்லை, போனவர்களின் எண். இங்கிலாந்தின் கிராமத்து நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் திரும்பி வராதவர்களுக்கானவை. இங்கேயோ போனவர்களின் தொகை முன்னால் நிற்கிறது, செத்தவர்களின் தொகை அதன் உட்கணக்காக வருகிறது. எத்தனை பேரைக் கொடுத்தாய் என்பதுதான் அரசாங்கம் ஓர் ஊரை அளந்த அளவுகோல் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது. இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள் கடல் கடந்து போனார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்வதும் இதே வாக்கிய அமைப்பில்தான். ஊர்க் கல், அந்தப் பெரிய வாக்கியத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. கொடுத்த பொருளுக்கு ரசீது மாதிரி.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்லவேண்டும். டேட்டாபேஸில் 'கவுண்ட்' போட்டு ஊர்வாரியாகப் பிரித்தால் எண் வந்துவிடும். ஆனால் அந்த எண் வரவேண்டுமென்றால் உள்ளே வரிசை வரிசையாகப் பெயர்கள் இருந்தாகவேண்டும். பதினொன்று என்று எழுதுவதற்கு முன்னால் யாரோ ஒரு குமாஸ்தா பதினொரு பெயர்களைப் பார்த்திருக்கிறார். பட்டாளத்தில் சம்பளப் பட்டியல் உண்டு, ஓய்வூதியத்துக்கு வாரிசுப் பெயர் உண்டு, தகப்பன் பெயரும் சாதியும் ஊரும் தாலுகாவும் எழுதிய பதிவேடு உண்டு. ஆக, பெயர் தெரியாததால் எண் எழுதவில்லை. பெயர்களை வைத்துக்கொண்டே எண்ணை மட்டும் கல்லுக்கு அனுப்பினார்கள்.

3

அதே வருஷங்களில், அதே அரசரின் ஆட்சியில், இங்கிலாந்துக் கிராமங்களில் என்ன நடந்தது?

1915இல் பிரிட்டிஷ் அரசு ஒரு முடிவெடுத்தது. போர்க்களத்தில் இறந்தவர்களின் உடல்களை நாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பணக்காரர் தன் மகன் உடலைக் கப்பலில் வரவழைத்துக்கொள்ள, ஏழையின் மகன் பிரான்ஸ் மண்ணிலேயே கிடப்பதா என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. விளைவு, ஏறக்குறைய எந்தக் குடும்பத்துக்கும் பக்கத்தில் ஒரு கல்லறை இல்லை. போர் முடிந்ததும் ஊருக்கு ஊர் மக்கள் கமிட்டி போட்டார்கள், உண்டியல் குலுக்கினார்கள், கல் நட்டார்கள். எங்கே நடுவது, சர்ச் வாசலிலா முச்சந்தியிலா, கல்லா அல்லது ஊருக்குப் பயன்படும் ஒரு கூடமா, பெயர்களைப் பதவி வரிசையில் போடுவதா அகர வரிசையில் போடுவதா என்று சண்டையும் போட்டார்கள். பண்ணையார் மகன் பெயரும் அவர் லாயத்தில் வேலை பார்த்தவன் பெயரும் ஒரே உயரத்தில், ஒரே அளவு எழுத்தில் வரவேண்டுமா என்பது அன்றைக்குச் சின்னக் கேள்வி இல்லை.

லிங்கன்ஷயரில் ஃபுல்ஸ்டோ என்று ஒரு கிராமம். அந்த ஊரிலிருந்து போய் இறந்தவர்களில் ஒருவர் சார்லஸ் கிர்மன். எதிரியின் குண்டில் சாகவில்லை. பட்டாளத்தை விட்டு ஓடிய குற்றத்துக்காக 1917இல் சொந்த ராணுவமே சுட்டுக் கொன்றது. போர் முடிந்து நினைவுச்சின்னம் பற்றிய பேச்சு வந்தபோது, அவர் பெயரைச் சேர்க்க முடியாது என்றார்கள். அவன் பெயர் இல்லாத கல் எங்களுக்கு வேண்டாம் என்று ஊரே சொல்லிவிட்டது. எண்பது வருஷங்களுக்கு மேல் அந்த ஊரில் கல்லே இல்லை. 2005இல்தான் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள், கிர்மன் பெயரோடு. அப்படிச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு அறிவித்தது அதற்கும் அடுத்த வருஷம், 2006இல்.

இந்தக் கதையை ஆங்கிலேயர் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஃபுல்ஸ்டோக்காரர்களுக்கு ஒரு வசதி இருந்தது: கல்லின் வாசகத்தை எழுதும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. ஒரு பெயரை விடச் சொன்னபோது கல்லையே மறுக்க முடிந்தது. நம் ஊர்க் கற்களில் எழுதப்பட்ட வாசகத்தை ஊர் எழுதவில்லை. தயாராக வந்த வாசகம், படிக்கத் தெரியாத மொழி. ஊர்ச் சுவர் இடம் கொடுத்தது, அதோடு சரி. தன் ஊர்ப் பையனின் பெயர் விடுபட்டிருக்கிறது என்று சண்டை போடக்கூட ஒரு பட்டியல் வேண்டுமே. எண்ணில் யார் விடுபட்டார் என்று எப்படித் தெரியும்?

4

ஊர்க் கற்கள் சின்ன விஷயம், பேரரசின் பெரிய சின்னங்களில் எல்லோரும் சமமாகத்தானே நடத்தப்பட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. 1917இல் தொடங்கப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை காகிதத்தில் அழகானது. இறந்த ஒவ்வொருவரும் பெயரால் நினைக்கப்படுவார். பதவி, இனம், மதம் என்று வேறுபாடு கிடையாது. பிரான்ஸில் நெவ் ஷபேல் என்ற இடத்தில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் உண்டு. டெல்லி இந்தியா கேட் சுவர்களில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு.

ஐரோப்பியக் கண் படும் இடங்கள் இவை. ஈராக்கின் பாஸ்ராவுக்குப் போனால் கொள்கை வேறு முகம் காட்டுகிறது. 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவிடம், மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அங்கே பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு? படைப்பிரிவின் பெயர், அதன் கீழே எத்தனை பேர் என்று ஓர் எண். நம் ஊர்ச் சுவரில் இருக்கும் அதே இலக்கணம், பல்லாயிரம் பேருக்கு.

இதை அந்த ஆணையமே ஒப்புக்கொள்ள ஒரு நூற்றாண்டு ஆனது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று இன்று பெயர் மாறியிருக்கும் அது 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைக்கப்படவில்லை அல்லது நினைக்கப்படவே இல்லை என்கிறது அந்த அறிக்கை. இன்றைய கானாவை அன்று ஆண்ட பிரிட்டிஷ் ஆளுநர், அங்கிருக்கும் சாதாரண மனிதனுக்குத் தலைக்கல்லின் அருமையெல்லாம் புரியாது என்கிற பொருளில் 1923இல் பேசியதும் அதில் பதிவாகியிருக்கிறது.

தலைக்கல்லின் அருமை புரியாதவர்கள். இந்த இடத்தில் ஒரு தமிழ் வாசகருக்குச் சிரிப்பு வரவேண்டும்.

5

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்தது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபட, அவனுடைய நாய் கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற செய்தி அதில் இருக்கிறது. வீரனின் உருவத்துக்குப் பின்னால் நாயின் உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன். இது எனக்கு எப்படித் தெரியும்? கல்லில் எழுதியிருக்கிறது.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஊர், மாட்டுச் சண்டையில் நின்ற நாயின் பெயரை எழுதி வைத்தது. உலகத்தின் மிகப் பெரிய பேரரசு, தன் போரில் செத்த மனிதனின் பெயரை அவன் சொந்த ஊரில் எழுதவில்லை. இதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் இன்னும் பழையவை. அவற்றிலும் ஆளின் பெயர் வருகிறது, ஊரின் பெயர் வருகிறது, ஆநிரை கவர்ந்த சண்டை என்ற நிகழ்ச்சி வருகிறது. எங்கே, எதற்காக, யார் என்ற மூன்று கேள்விக்கும் சில சொற்களில் பதில். தொல்காப்பியம் நடுகல் வழக்கத்தைப் படிப்படியாகப் பிரிக்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, எடுத்துவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. இந்தப் படிகளில் எதுவும் தனியொருவர் வேலையில்லை, அரசாங்க ஆணையும் இல்லை. ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு 'அன்றே சொன்னான் தமிழன்' என்று முடித்தால் அது விமர்சனம் ஆகாது, மீசை முறுக்கல். நடுகற்களில் ஏராளமானவற்றில் எழுத்தே இல்லை, உருவம் மட்டும்தான். பல கற்களில் முதலில் வருவது அரசனின் ஆட்சியாண்டு, அப்புறம் தலைவனின் பெயர், கடைசியில்தான் அவனுக்குச் சேவகனாக இருந்து செத்தவன். மாடு பிடிக்கப் போனவனுக்கும் கல், மாட்டை மீட்கப் போனவனுக்கும் கல். அதில் கொல்லப்பட்ட மற்றவர்களுக்கு இல்லை. வீரத்துக்குத்தான் கல். பசியில் செத்தவருக்குக் கிடையாது.

அதைவிடச் சங்கடமான இன்னொரு கேள்வி உண்டு. நடுகல் நட்ட மரபுள்ள ஊர்கள், 1919க்குப் பிறகு தாங்களே ஏன் பெயர்களை எழுதிக்கொள்ளவில்லை? அரசாங்கம் ஓர் எண்ணோடு கல் அனுப்பினால், பக்கத்திலேயே இன்னொரு கல்லை நடுவதை யார் தடுத்தது?

பதிலின் ஒரு பகுதி, போனவர்கள் யார் என்பதில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்து பின்னால் இந்தியப் படை முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ், தெற்கத்தியர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று நம்பியவர். 'வீர இனம்' என்ற கோட்பாட்டின் பெயரால் சென்னைப் படைப்பிரிவுகள் சுருக்கப்பட்டன. மிஞ்சியவற்றில், முக்கியமாகச் சுரங்கம் தோண்டும், பாலம் கட்டும், சாலை போடும் சாப்பர்ஸ், பயனியர் பிரிவுகளில் பறையர்களும் கிறித்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். போர் வந்தபோது கதவு மறுபடி திறந்தது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கடற்கரையில் இறங்கிய படைகளில் ஒன்றின் பெயர் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. அந்தச் சண்டை பிரிட்டிஷாருக்குப் படுதோல்வி. பாளையங்கோட்டைப் பட்டாளமும் சிதறி ஓடியது. இன்றைய தான்சானியாவில் ஒரு தென்னந்தோப்பில் நம் ஊர்ப் பெயர் கொண்ட பட்டாளம் எதற்காகச் சாகவேண்டியிருந்தது என்பதைப் பாளையங்கோட்டையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இப்போது கல்லின் முதல் சொற்களை மறுபடி படியுங்கள். 'இந்த ஊரிலிருந்து'. எந்த ஊர்? வருவாய்த் துறைக் கணக்கில் ஊரும் சேரியும் சேர்ந்து ஒரே கிராமம். வாழ்க்கையில் அப்படி இல்லை. மெசபடோமியாவில் பாலம் கட்டிவிட்டுத் திரும்பிய ஒருவர் சொந்த ஊர்த் தெருவில் செருப்போடு நடக்க முடிந்ததா என்பது வேறு கதை. அவரோடு போய்த் திரும்பாதவருக்கு ஊர் கூடிக் கல் நடும் என்று எதிர்பார்ப்பது, அன்றைய ஊரைத் தெரியாதவர் பேச்சு. இந்த ஒரு விஷயத்தில் எண்ணுக்கு ஒரு விநோதமான நேர்மை இருக்கிறது. பதினொன்று என்று எழுதினால் அதில் யார் எந்தத் தெரு என்று பிரிக்க முடியாது. ஊர் சேர்த்துக்கொள்ளாதவரையும் எண் சேர்த்துக்கொண்டது.

எண் தரும் சமத்துவத்தை ஆதரித்து இதுதான் சொல்ல முடிந்த மிகச் சிறந்த வாதம் என்று நினைக்கிறேன். எனக்கு அது போதவில்லை. ஃபுல்ஸ்டோவில் ஓடிப்போனவர் என்று பழிக்கப்பட்டவரின் பெயரை மற்றவர்களோடு சரிசமமாக எழுதியபோது பிறந்த சமத்துவம் ஒன்று. எல்லோர் பெயரையும் ஒரேயடியாகத் துடைத்துவிட்டுச் சமம் என்பது இன்னொன்று. பெயர் எழுதியிருந்தால் ஊரில் சண்டை வந்திருக்கும். 'அவன் பேரு எப்படி எங்க பேருக்கு மேல வரலாம்' என்று கேட்டிருப்பார்கள். அந்தச் சண்டை நடந்திருக்கவேண்டிய சண்டை. எண் அதை நடக்கவிடாமல் செய்துவிட்டது.

6

அந்தப் போரிலிருந்து தமிழ் எதை ஞாபகம் வைத்துக்கொண்டது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்துவிட்டுப் போனது. நகரம் பீதியில் காலியானது. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கொரு கல் இருக்கிறது. அதைவிடப் பெரிய கல் நம் பேச்சில் இருக்கிறது: பிடிபடாத கெட்டிக்காரரை, எமகாதகரை, இன்றைக்கும் 'சரியான எம்டன்' என்கிறோம். எதிரியின் கப்பல் ஒரு தமிழ்ச் சொல்லாகிவிட்டது. பாரதி அந்தப் போரை ஒட்டிப் பெல்ஜியத்துக்கு வாழ்த்துப் பாடினார். இந்தியில் சந்திரதர் சர்மா குலேரி 1915லேயே பதுங்குகுழியில் சாகும் ஒரு சீக்கியச் சிப்பாயைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார். முல்க் ராஜ் ஆனந்த் பின்னால் பிரான்ஸுக்குப் போன பஞ்சாபிச் சிப்பாய்களை ஆங்கில நாவலாக்கினார். அந்த லேனா சிங்குக்கும் லாலுவுக்கும் பக்கத்தில் ஒரு முனுசாமியை நிறுத்தும் வேலை தமிழ்ப் புனைகதையாளர்களுக்காக இன்னும் காத்திருக்கிறது.

கதை எழுத ஒரு பெயர் வேண்டும். 'பதினொரு பேர்' என்பதிலிருந்து ஒருவரும் கதை எழுதுவதில்லை.

7

கல்லைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டு ஈழத்தைத் தாண்டிப் போக முடியாது. மாவீரர் துயிலும் இல்லங்களில் வரிசை வரிசையாகக் கற்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் பெயர் இருந்தது. போர் முடிந்த பிறகு அவை இடிக்கப்பட்டன. கோப்பாயில் இடித்த இடத்தின் மேலேயே ராணுவத் தலைமையகம் எழுந்தது. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் நின்ற நினைவுச்சின்னத்தை 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடித்தார்கள். மாணவர்கள் போராடிய பிறகு அதே வருஷம் மறுபடி கட்டினார்கள். அந்தத் துயிலும் இல்லங்களும் எல்லாத் தமிழருக்கும் இடம் தந்தவை அல்ல. இயக்கம் எதிரியாக அறிவித்துக் கொன்றவர்களுக்கு அங்கே கல் இல்லை. ஃபுல்ஸ்டோவின் கேள்வி அங்கேயும் கேட்கவேண்டிய கேள்விதான்.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். பெயர் எழுதிய கல்லைக் கண்டால்தான் புல்டோசர் வருகிறது. பெயர் இருந்தால் ஒரு தாய் வந்து நிற்பாள், விளக்கு வைப்பாள், பேர் சொல்லி அழுவாள். அடுத்த வருஷமும் வருவாள். அந்த அழுகைக்கு ஓர் அரசாங்கம் பயப்படும். நம் ஊர்களின் பெரும்போர்க் கற்களை நூறு வருஷமாக யாரும் இடிக்கவில்லை. வெள்ளைக்காரன் போனான், தெருப் பெயர்களை மாற்றினோம், சிலைகளை மாற்றினோம், இந்தக் கற்கள் அப்படியே இருக்கின்றன. எண்ணை யாரும் இடிக்க வருவதில்லை. அதன் முன்னால் அழுவதற்கும் யாரும் வருவதில்லை.

இன்றைய நிலைமை தலைகீழ் என்றும் சொல்ல முடியாது. கார்கில் போரிலிருந்து இறந்தவர்களின் உடல் ஊருக்கு வருகிறது. பெயரும் படமும் ஊரெங்கும் தெரிகிறது. ஆனால் சில ஊர் முச்சந்திகளில் புதிதாக முளைக்கும் நினைவுத்தூண்களைப் பாருங்கள். இறந்தவர் பெயருக்குக் கீழே, திறந்துவைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், நன்கொடையாளர் பெயர் என்று ஓடும். சில இடங்களில் எழுத்தின் அளவைப் பார்த்தால் செத்தது யார் என்று குழம்பிப்போகும். பெயர் எழுதுவதாலேயே நினைவு வந்துவிடாது. யார் பெயர், எந்த அளவில், யார் எழுதியது என்ற கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன.

8

இனி செய்வதற்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பாஸ்ராவில் எண்ணாகக் கிடந்தவர்களில் பலருக்கு அங்கே பெயர் இருக்கிறது. பல இந்தியப் பதிவுகளில் இன்னாரின் மகன் அல்லது இன்னாரின் கணவர், இன்ன ஊர், இன்ன தாலுகா, வடாற்காடு என்ற குறிப்பும் உண்டு. பஞ்சாபில் 1919 வாக்கில் தயாரித்த ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவற்றின் சுமார் 3,20,000 பதிவுகளைப் பிரிட்டனில் இருக்கும் பஞ்சாபிகளும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். பேரன் பேத்திகள் தங்கள் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்துத் தாத்தாவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நம் பக்கம் இருப்பது, என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு 'ஜாயின்' போடவேண்டிய வேலை. ஒரு பக்கம் ஊரும் எண்ணும் உள்ள கற்கள். இன்னொரு பக்கம் ஊரும் பெயரும் உள்ள பட்டியல். இரண்டையும் இணைக்கும் சாவி ஊர்ப் பெயர். சிக்கல் எழுத்துக்கூட்டலில் வரும். முனுசாமி என்பதை மூனூசாமி, முனிசாமி, மூனியசாமி என்று குமாஸ்தாவின் காதுக்கு ஏற்றபடி எழுதியிருப்பார்கள். ழ, ள, ல மூன்றும் ஒரே ஆங்கில எழுத்தில் விழுந்திருக்கும். பேட்டை, பட்டி, பாடி எது எதுவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒலியை வைத்துப் பெயர்களைப் பொருத்தும் முறைகள் உண்டு. ஆனாலும் கடைசிப் பொருத்தத்தைக் கணினி செய்யாது. அந்த ஊர்க்காரர் ஒருவர் பட்டியலைப் பார்த்து, "இது எங்க மேலத்தெரு ஆளாத்தான் இருக்கணும், அவங்க வீட்டுல இன்னும் அந்தப் பேரு வெக்கிறாங்க" என்று சொல்லவேண்டும். வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை மாதிரி, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி 'மிலிட்டரிப் பேட்டை' என்றே பெயர் வாங்கிய ஊர்களில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருப்பார்கள். இன்னும் இருபது வருஷம் கழித்துப் போனால் இருக்க மாட்டார்கள்.

பெயர்கள் கிடைத்தால் பழைய கல்லைப் பெயர்க்க வேண்டாம். அது நிற்கட்டும், ஒரு பேரரசு மனிதர்களை எப்படி எண்ணியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பக்கத்தில் இன்னொரு கல், தமிழில். திறந்துவைத்தவர் பெயர் இல்லாமல். அகர வரிசையில், ஊர் சேரி பேதம் இல்லாமல், இறந்த இடத்தோடு. 'உயிர் ஈந்தார்' என்று வேண்டாம், 'பாஸ்ராவில் காய்ச்சலில் இறந்தார்' என்று இருந்தால் போதும். பழைய கல்லில் பதினொன்று என்றிருந்து நமக்கு எட்டுப் பெயர்தான் கிடைத்தால், எட்டை எழுதிவிட்டு, கீழே மூன்று வரி இடத்தை வெறுமையாக விடலாம். பிற்பாடு யாராவது ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் ஓய்வூதியத் தாளைக் கண்டெடுத்துக்கொண்டு வந்தால், எழுத இடம் வேண்டுமே.